மித்ராவின் 10 கோடி வெள்ளி: மக்களவையில் கேட்க வேண்டியதை யாராவது கேட்கிறார்களா?

கணக்கர்_செந்தூல் (இழையைத் தொடங்கியவர்)

ஒவ்வோர் ஆண்டும் நடப்பதுதான். பட்ஜெட் உரை முடிந்த அன்று இரவே நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்வி: மித்ராவுக்கு, அதாவது மலேசிய இந்தியர்களின் முன்னேற்றத்துக்கான அரசாங்கப் பிரிவுக்கு, எவ்வளவு? 10 கோடி வெள்ளி (ரிங்கிட்) என்று செய்தி வந்ததும் கொஞ்சம் பேர் நன்றி சொல்லிப் படம் போடுகிறார்கள், கொஞ்சம் பேர் பிச்சைக்காசு என்று திட்டுகிறார்கள். அதோடு அடுத்த ஆண்டு வரை பேச்சில்லை.

தொகையைப் பற்றிச் சண்டை போடலாம், தப்பில்லை. 2025 பட்ஜெட் 42,100 கோடி வெள்ளி. அதில் 10 கோடி என்பது ஆயிரம் வெள்ளிக்கு 24 காசு. நாட்டில் இந்தியர்கள் சுமார் 20 லட்சம் பேர் என்று வைத்தால் தலைக்கு ஆண்டுக்கு 50 வெள்ளி. ஆனால் நான் அரசாங்க இலாகா ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். என் கண் வேறு இடத்தில்தான் போய் நிற்கிறது.

நிதியமைச்சின் தளத்தில் கூட்டரசுச் செலவு மதிப்பீட்டுப் புத்தகம் பிடிஎஃப்பாகக் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். ஒவ்வோர் அமைச்சும் அதில் ஒரு ‘மாக்சூட்’, அதாவது எண்ணிட்ட செலவுக் கணக்குப் பிரிவு. பிரதமர் துறைக்கு எண் 6. உள்ளே போனால் நடவடிக்கை வாரியாகத் தொகை, அதற்கடியில் குறியீடுகள்: 10000 என்றால் சம்பளம், 20000 சேவையும் பொருள்களும், 30000 சொத்து, 40000 மானியமும் நிலையான கொடுப்பனவும், 50000 இதர செலவு. பணியிடங்கள் எத்தனை என்பதற்கும் கட்டம் உண்டு. ஓர் இலாகாவை எடை போட எனக்கு அந்த இரண்டு பக்கம் போதும். சம்பளத்துக்கு எவ்வளவு, வெளியே கொடுப்பதற்கு எவ்வளவு, கொடுப்பதைச் சரிபார்க்க உள்ளே எத்தனை பேர்.

மித்ராவை அப்படி எடை போட முடியாது. அது ஓர் ‘யூனிட்’, அவ்வளவுதான். தனக்கென்று மாக்சூட் கிடையாது, தாய் அமைச்சின் கணக்குக்குள் அடங்கிவிடும். எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு போனது என்பது பட்ஜெட் புத்தகத்தில் வராது, அதற்குரிய இடமும் அதுவல்ல. ஆண்டு முடிந்தபின் வரும் ஆண்டறிக்கையில்தான் அது வர வேண்டும். அந்த ஆண்டறிக்கையை மக்களவையில் வைத்தே ஆக வேண்டும் என்று மித்ராவைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை.

மாரா (பூமிபுத்ரா மேம்பாடு), ஃபெல்டா (நிலக் குடியேற்றம்), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), இபிஎஃப் (சேமநிதி) மாதிரி சட்டத்தால் உருவான அமைப்பாக இருந்தால் 1980-ஆம் ஆண்டின் 240-ஆம் சட்டம் பிடித்துக்கொள்ளும். கணக்கை முடி, தலைமைக் கணக்காய்வாளரிடம் கொடு, தணிக்கையான கணக்கோடு ஆண்டறிக்கையை நாடாளுமன்றத்தில் வை. 2014-இல் செடிக் என்று தொடங்கி, 2018-இல் ஆட்சி மாறியதும் மித்ரா என்று பெயர் மாற்றி, பிரதமர் துறைக்கும் ஒற்றுமை அமைச்சுக்கும் இடையே பந்தாடப்பட்ட இந்த யூனிட்டுக்கு அந்தக் கயிறு கட்டப்படவே இல்லை.

என் கேள்வி இதுதான். நம் வைபிக்கள் (எம்பிக்கள்) மக்களவையில் எழுந்து ‘இன்னும் கொடுங்கள்’ என்கிறார்கள், அல்லது ‘திருடிவிட்டார்கள்’ என்கிறார்கள். ‘இதற்கு ஒரு சட்டம் போட்டு ஆண்டறிக்கையை இங்கே வையுங்கள்’ என்று விடாப்பிடியாகக் கேட்பவர் யார்?

மஸ்ஜித்_இந்தியா_வியாபாரி

அண்ணே, நல்ல எழுத்து. ஆனால் சட்டம் போட்டால் சுத்தமாகிவிடுமா? ஃபெல்டாவுக்கு 1956-லிருந்து சட்டம் இருக்கிறது. வாரியம், ஆண்டறிக்கை, தணிக்கை எல்லாம் இருந்தும் இந்தோனேசியாவில் ஈகிள் ஹை தோட்டக் கம்பெனியின் 37 விழுக்காட்டுப் பங்கை 505 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கினார்கள். பிறகுதான் குய்யோ முறையோ. மாரா பேரைச் சொல்லி மெல்பர்னில் கட்டடம் வாங்கிய கதை 2015-இல் ஆஸ்திரேலியப் பத்திரிகையில் வந்த பிறகுதான் இங்கே தெரிந்தது. ஹஜ் பயணச் சேமிப்பு நிதியான தாபோங் ஹாஜிக்கு அரச விசாரணை ஆணையமே வந்தது. இவை எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு.

திருடுகிறவன் 240-ஆம் சட்டத்தைப் படித்துவிட்டா திருடுகிறான்?

ரவாங்_ராஜா

படித்துவிட்டுத்தான் திருடுவான். படிக்காதவன் மாட்டிக்கொள்வான்.

கணக்கர்_செந்தூல்

தம்பி, ஃபெல்டாவையே எடுத்துக்கொள்வோம். 2019 ஏப்ரலில் ஃபெல்டா பற்றிய வெள்ளை அறிக்கையை மக்களவையில் வைத்தார்கள். இத்தனை கடன், இந்த முதலீட்டில் இத்தனை நஷ்டம் என்று ஆண்டு வாரியாக எழுத முடிந்தது. ஏன்? அந்தப் பெயரில் ஆண்டு வாரியாகக் கணக்கு இருந்தது. ஃபெல்டா சுத்தம் என்று நான் சொல்லவில்லை. அழுக்கு எங்கே என்று கை வைத்துக் காட்ட முடிந்தது என்கிறேன்.

மித்ராவில் அதே வேலையைச் செய்ய உட்கார்ந்தால் முதலில் எந்த அமைச்சின் ரெஜிஸ்டரைத் தேடுவது என்றே சண்டை வரும். அமைச்சு மாறும்போது கோப்பு மாறும், பொறுப்பு அதிகாரி மாறுவார். ‘அது எங்கள் காலத்தில் இல்லை’ என்று ஆளாளுக்குச் சொல்ல வசதியாகப் போகும். 2021-இல் ஊழல் தடுப்பு ஆணையம் மித்ரா மானியங்கள் பற்றி விசாரித்துச் சிலரைக் கைது செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது காப்பிக்கடையில் ஒரு பேச்சு: ‘போலீஸ், கோர்ட் என்று போய்விட்டது, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.’ கோர்ட் பார்ப்பது குற்றம் நடந்ததா என்று மட்டுமே. பத்து வெள்ளி வேலைக்கு நூறு வெள்ளி கொடுத்தது குற்றமாக இல்லாமலும் இருக்கலாம், வெறும் முட்டாள்தனமாக இருக்கலாம். அதைக் கேட்க வேண்டிய இடம் மக்களவை.

சட்டம்_படிக்கும்_தம்பி

ஐயா சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் சட்டம் இல்லை என்பதற்காக நாடாளுமன்றத்தின் கை கட்டிப்போடப்படவில்லை. யூனிட்டாக இருந்தாலும் பணம் அமைச்சின் பணம். 1957-ஆம் ஆண்டின் நிதி நடைமுறைச் சட்டப்படி அமைச்சின் கட்டுப்பாட்டு அதிகாரி யார்? பொதுவாகத் தலைமைச் செயலாளர், அதாவது கேஎஸ்யு. பொதுக் கணக்குக் குழு (பிஏசி) அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கலாம். மக்களவையின் நிலையான விதி 77 அதற்குத்தான் இருக்கிறது. அமைச்சர் மேடையில் என்ன வேண்டுமானாலும் பேசலாம். கேஎஸ்யு தன் கையெழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பிஏசியால் என்ன கிழிக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு எல்சிஎஸ் போர்க்கப்பல் விவகாரம். 2022 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. ஆறு கப்பல்கள், ஏறக்குறைய 9.13 பில்லியன் வெள்ளி ஒப்பந்தம், 6.08 பில்லியன் கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பல்கூட முடியவில்லை. அதுவரை லுமுட் கப்பல்தளத்தில் ஏதோ தாமதம் என்றுதான் ஊருக்குத் தெரியும். சாட்சி சொன்னவர்கள் பேசியது வரிக்கு வரி வெளிவந்த பிறகுதான் மக்கள் கொதித்தார்கள்.

எல்லை எங்கே என்பதற்கும் அதே விவகாரம்தான் உதாரணம். பிஏசிக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை, பரிந்துரை மட்டும்தான். 2023-இல் ஆறு கப்பல் ஐந்தாகக் குறைந்தது, செலவு 11.2 பில்லியனாக ஏறியது. அறிக்கை எழுதியதால் கப்பல் மிதந்துவிடவில்லை.

இன்னொன்று. அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி பற்றிய தணிக்கை அறிக்கையை 2016-இல் அதிகாரப்பூர்வ ரகசியச் சட்டத்தின் கீழ் பூட்டி வைத்தார்கள். 2018-இல் ஆட்சி மாறிய பிறகுதான் பூட்டைத் திறந்தார்கள். பிஏசி இருந்தது, தணிக்கை இருந்தது, ஆனால் தாளைப் பார்க்க ஊருக்கு அனுமதி இல்லை.

பாலர்பள்ளி_அக்கா

நீங்கள் எல்லோரும் நாடாளுமன்றம், சட்டம் என்று பேசுகிறீர்கள். நான் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப் பாலர்பள்ளி நடத்துகிறேன். மானியம் வாங்கும் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லட்டுமா?

எந்த இலாகா என்று பெயர் சொல்லப்போவதில்லை, பல இடத்திலும் இதே கதைதான். விண்ணப்பம் போட்டோம். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பெற்றோர் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, சங்கப் பதிவு, மூன்று ஆண்டுக் கணக்கு எல்லாம் இணைத்தோம். கேள்வி கேட்க ஒரு தொலைபேசி எண் கொடுத்தார்கள். முதல் தடவை பேசிய பெண் பிள்ளை நல்ல மாதிரி, எங்கள் கோப்பைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருந்தாள். அடுத்த தடவை கூப்பிட்டபோது அவள் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டாள் என்றார்கள். புதிதாக வந்த பையனுக்குக் கோப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, திரும்பவும் எல்லாம் அனுப்பச் சொன்னான். அவனைத் திட்டி என்ன பயன்? அவனும் ஆறு மாதத்தில் போய்விடுவான்.

என்னைக் கேட்டால் திருட்டைவிட இதுதான் அதிகக் கேடு. ஆள் நிலையாக இல்லாத இடத்தில் யாருக்கும் எதுவும் நினைவில் இருக்காது. போன வருஷம் ஏமாற்றிய சங்கம் இந்த வருஷம் பேர் மாற்றிக்கொண்டு வந்தால் கண்டுபிடிக்க அங்கே ஆள் வேண்டுமே?

மஸ்ஜித்_இந்தியா_வியாபாரி

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. என் தங்கை மகள் ஏதோ ஓர் அமைப்பின் தையல் வகுப்புக்குப் போனாள், அரசு மானியத்தில் நடப்பது என்றார்கள். தையல் மெஷின் தருவோம் என்று சொல்லிக் கடைசியில் ஒரு சான்றிதழும் துணிப்பையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முடிந்த பிறகு யாராவது ஒருவர் கூப்பிட்டு ‘மெஷின் வந்ததா’ என்று கேட்டாரா? இல்லை. கையெழுத்துப் போட்ட வருகைப் பட்டியலைப் பார்த்ததும் கணக்கு முடிந்துவிட்டது.

கணக்கர்_செந்தூல்

பாலர்பள்ளி அக்கா தொட்ட இடம்தான் சரியான இடம். இந்த நாட்டில் பட்ஜெட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், பணியிடத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்பதில்லை.

வெளியே இருப்பவர்களுக்காக எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஓர் இலாகா தன்னிஷ்டத்துக்கு ஆள் எடுக்க முடியாது. ஜேபிஏ என்கிற பொதுச் சேவைத் துறை ‘வாரான் பெர்ஜாவாத்தான்’ கொடுக்க வேண்டும். இந்தக் கிரேடில் இத்தனை பணியிடம் என்று எழுதிய தாள் அது. அந்தத் தாளில் இருந்தால்தான் நிரந்தர வேலை. தாளில் இல்லாத ஆளைப் பிடிக்க வேறு வழிகள் உண்டு: இன்னோர் இலாகாவிலிருந்து இரவல், ஒப்பந்தம், மைஸ்டெப் மாதிரி குறுகிய கால வேலைத் திட்டங்கள். இவற்றில் வருகிறவர்கள் நிரந்தரப் பணியிடக் கணக்கில் நிற்கமாட்டார்கள். இரவலில் வரும் பிடிடி (நிர்வாகச் சேவை) அதிகாரி நல்லவராகவே இருப்பார், இரண்டு மூன்று ஆண்டில் வேறு அமைச்சுக்கு மாற்றலாகிப் போவார். அவருடைய பதவி உயர்வு அங்கே இருக்கிறது, இங்கே இல்லை.

10 கோடி வெள்ளியைச் சிறு சிறு மானியமாகப் பிரித்துக் கொடுப்பது பெரிய வேலை. பாலம் கட்டக் கொடுத்தால் ஒரு கோப்பு. 20 ஆயிரம், 50 ஆயிரம் என்று கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு, ஒவ்வொன்றுக்கும் நேரில் போய்ப் பார்க்க ஓர் ஆள். ஜொகூரிலிருந்து கெடா வரை யார் போவது? ஆள் இல்லாவிட்டால் தாளைப் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். அதனால்தான் தையல் மெஷின் துணிப்பையாகிவிடுகிறது.

இதோடு இன்னொரு வம்பு. நம் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். செலவாகாத பணம் பொதுவாகக் கருவூலத்துக்குப் போய்விடும். ஆண்டின் முதல் பாதியில் குழு அமைப்பது, விதிமுறை எழுதுவது, அமைச்சு மாறுவது என்று ஓடிவிட்டால் கடைசிக் காலாண்டில் அள்ளிக் கொட்ட வேண்டியதுதான். நவம்பரில் கொடுத்த பணத்தை டிசம்பரில் எவன் சரிபார்ப்பான்?

செலவழித்தாலும் திட்டுகிறோம், திருப்பிக் கொடுத்தாலும் ‘இந்தியர் பணத்தைத் திருப்பிவிட்டான்’ என்று திட்டுகிறோம். நான் அங்கே அதிகாரியாக இருந்தால் எனக்கும் கொட்டத்தான் தோன்றும்.

பாயான்லெப்பாஸ்_டீச்சர்

பினாங்கிலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் மாநிலத்தில் தகவல் சுதந்திரச் சட்டம் உண்டு. 2010-இல் மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறி 2015-இல் நடைமுறைக்கு வந்தது. சிலாங்கூரில் 2011-இல் நிறைவேற்றினார்கள். நாடு முழுவதற்கும் அப்படி ஒரு சட்டம் இன்னும் இல்லை, பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

எங்கள் தாமானுக்குப் (குடியிருப்புக்குப்) பின்னால் ஒரு வடிகால் ஒப்பந்தம் பற்றி மாநில இலாகா ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பாரம் இப்படி இருக்கும்: பெயர், அடையாள அட்டை எண், எந்த ஆவணம், அதற்கடியில் எதற்காக வேண்டும் என்று காரணம் எழுத ஒரு கட்டம். வரி கட்டுகிறவள் என்பது காரணமாக எடுபடாது என்று கவுண்டரில் இருந்தவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ‘வெள்ளம் வருகிறது’ என்று எழுதினேன். கடைசியில் ஒப்பந்தத் தொகையும் முடிக்க வேண்டிய தேதியும் கிடைத்தன, ஒப்பந்தம் கிடைக்கவில்லை.

அதுவே போதுமாக இருந்தது. அடுத்த குடியிருப்பாளர் கூட்டத்தில் ‘சீக்கிரம் முடித்துவிடுவோம்’ என்று யாரும் சொல்ல முடியவில்லை, தேதி என் கையில் இருந்தது.

மித்ராவுக்கு இந்த வழியில் எதுவும் கேட்க முடியாது. அது கூட்டரசு அமைப்பு, மாநிலச் சட்டம் அங்கே எட்டாது. கூட்டரசு ரகசியச் சட்டமோ மாநிலத்துக்குள்ளும் எட்டும். அதனால் நாடாளுமன்றத்தை விட்டால் நமக்குச் சன்னல் இல்லை என்று கணக்கர் ஐயா சொல்வது சரிதான்.

மஸ்ஜித்_இந்தியா_வியாபாரி

சரி டீச்சர், நாடாளுமன்றம்தான் வழி என்றே வைத்துக்கொள்வோம். யார் கேட்பது? 222 பேரில் இந்திய உறுப்பினர்கள் எத்தனை பேர், அதில் அரசாங்கப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். 2023-இல் மித்ராவுக்கு ஒரு சிறப்புக் குழு போட்டார்கள். தலைவர் யார்? கோலாலம்பூரில் உள்ள ‘பத்து’ (Batu) தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் பி. பிரபாகரன். அவரைப் பற்றிக் குறையாகச் சொல்லவில்லை, ஓடியாடி வேலை செய்தார் என்றுதான் கேள்விப்பட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். மக்களவையில் எழுந்து கேள்வி கேட்க வேண்டிய ஆளையே அழைத்துப்போய் உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு அவர் யாரைக் கேட்பார்? கண்ணாடியையா?

சட்டம்_படிக்கும்_தம்பி

வியாபாரி அண்ணன் சொன்னதற்கு லைக் போட்டால் போதாது.

அந்தச் சிறப்புக் குழு அரசாங்கம் அமைத்தது, நாடாளுமன்றம் அமைத்ததல்ல. பெயரில் குழு, உள்ளே எம்பி என்பதால் நம் ஆட்கள் அதை நாடாளுமன்றக் கண்காணிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் வேறு. நாடாளுமன்றச் சிறப்புத் தேர்வுக் குழு என்றால் இரண்டு பக்கத்து உறுப்பினர்களும் இருப்பார்கள், சாட்சி கூப்பிடுவார்கள், அறிக்கையை அவையில் வைப்பார்கள். அரசாங்கக் குழு அமைச்சருக்கு அறிக்கை கொடுக்கும். அது மேசைக்குள் போனால் நமக்குத் தெரியாது.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். கேள்வி கேட்க வேண்டிய நாடாளுமன்றத்துக்கே சொந்த ஆளும் சொந்தப் பணமும் இல்லாமல் முப்பது ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. 1963-இல் நாடாளுமன்றச் சேவைச் சட்டம் இருந்தது, 1992-இல் ரத்து செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே வேலை பார்த்தவர்கள் பொது அரசுச் சேவையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். இன்று குழுவுக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கும் அதிகாரி நாளை அதே அமைச்சுக்கு மாற்றலாகலாம். அந்தக் குறிப்பில் எவ்வளவு காரம் இருக்கும்? 2025 மார்ச்சில்தான் புதிய நாடாளுமன்றச் சேவை மசோதாவை நிறைவேற்றினார்கள். பாலர்பள்ளி அக்கா சொன்ன ‘ஆள் நிலையாக இல்லை’ என்பது கேட்கிற இடத்துக்கும் பொருந்தும், பதில் சொல்கிற இடத்துக்கும் பொருந்தும்.

நல்ல பக்கமும் இருக்கிறது. 2023-லிருந்து தணிக்கை அறிக்கையை மக்களவையில் தனியாக விவாதிக்கிறார்கள். முன்பெல்லாம் தடிப் புத்தகமாக மேசையில் வைப்பார்கள், பத்திரிகையில் இரண்டு நாள் ஓடும், அவ்வளவுதான். 2024-இல் தணிக்கைச் சட்டத்தைத் திருத்திப் பொதுப் பணம் போகும் இடத்துக்குப் பின்னாலேயே போய்ப் பார்க்கத் தலைமைக் கணக்காய்வாளருக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தார்கள். மானியம் வாங்கிய சங்கத்தின் வாசல் வரை தணிக்கை போகலாம் என்ற எண்ணமே சிலரை யோசிக்க வைக்கும்.

பாலர்பள்ளி_அக்கா

தம்பி, நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு பயம். மித்ராவைச் சட்டம் போட்டு வாரியமாக்கினால் வாரிய உறுப்பினர் நாற்காலிகள் வரும். அந்த நாற்காலிகளில் யார் உட்காருவார்கள்? தேர்தலில் தோற்றவர்கள், சீட்டுக் கிடைக்காதவர்கள், மாவட்டத் தலைவர்கள். அலவன்ஸ், கார், சாவகாசமான கூட்டம். இப்போது ஒரு டைரக்டரிடம் மல்லுக்கட்டுகிறோம், அப்போது பத்துப் பேரிடம் கட்ட வேண்டும். பிள்ளைகளின் கட்டணப் பணம் மார்ச்சில் வருவது ஆகஸ்டில் வரும்.

டயாலிசிஸ் உதவிக்குக் காத்திருக்கிறவர்கள் ஆண்டறிக்கைக்குக் காத்திருக்க முடியுமா?

கணக்கர்_செந்தூல்

அக்காவின் பயம் நியாயம், மழுப்பப் போவதில்லை. வாரியம் என்றால் அந்த நாற்காலி வியாபாரம் வரத்தான் செய்யும். எந்தக் கட்சி வந்தாலும் வரும். தேர்தலில் நின்ற ஆளை இத்தனை ஆண்டுக்கு வாரியத்தில் போடக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதலாம். எழுதுவார்களா என்பது வேறு பேச்சு.

ஆனால் வாரியம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. யூனிட்டாகவே இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு தடவை மானியம் வாங்கியவர் பட்டியல், தொகை, என்ன வேலைக்கு, முடிந்ததா இல்லையா என்று ஓர் அறிக்கையை மக்களவையில் வைக்க அமைச்சருக்கு எந்தச் சட்டமும் தடையில்லை. மனம் இருந்தால் அடுத்த கூட்டத்திலேயே வைக்கலாம். சட்டம் வேண்டும் என்று நான் சொல்வது மனம் இல்லாத அமைச்சர் வரும் நாளுக்காக.

ஆண்டறிக்கை எழுதுவதால் டயாலிசிஸ் உதவி தாமதமாகாது. அது ஆண்டு முடிந்த பிறகு எழுதுவது. தாமதம் ஆள் இல்லாததால் வருகிறது. அதனால்தான் பணியிட எண்ணிக்கையை முதல் கேள்வியாக வைக்க வேண்டும் என்கிறேன்.

ரவாங்_ராஜா

பட்ஜெட் குழு நிலை விவாதத்தை யூடியூபில் ஒரு தடவை முழுக்கப் பார்த்தேன். ஒரு வைபி ஐந்து விஷயம் கேட்டார். அமைச்சர் மூன்றுக்கு நன்றி சொன்னார், ஒன்றுக்குப் பழைய பதிலை வாசித்தார், கடைசிக்கு ‘எழுத்து மூலம் பதில் தருகிறேன்’. தலைவர் மணி அடித்தார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

சட்டம்_படிக்கும்_தம்பி

ராஜா அண்ணன் சிரிப்புக்காகச் சொன்னாலும் குழு நிலை அப்படித்தான். ஓர் அமைச்சுக்குச் சில மணி நேரம், அதற்குள் பேச விரும்புகிறவர்கள் ஏராளம், ஆளுக்குச் சில நிமிடம். தன் தொகுதிச் சாலையைப் பற்றிப் பேசவே நேரம் போய்விடும். இன்னொன்று, ஒரே மாக்சூட்டுக்குள் ஒரு தலைப்பில் மிச்சமான பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்றக் கருவூலம் அனுமதி கொடுக்கலாம், அதற்கு நாடாளுமன்றத்துக்குத் திரும்ப வர வேண்டியதில்லை. கூடுதல் பணம் வேண்டும் என்றால்தான் துணை ஒதுக்கீட்டு மசோதா. ஆக, பட்ஜெட் நேரத்தில் கைதூக்கி நிறைவேற்றிய புத்தகமும் அடுத்த டிசம்பரில் உண்மையாகச் செலவானதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால்தான் முடிந்த ஆண்டின் கணக்கைக் கேட்பது, வருகிற ஆண்டின் ஒதுக்கீட்டைக் கேட்பதைவிட முக்கியம்.

மட்டுறுத்துநர்

நல்லபடி போகிறது, அப்படியே போகட்டும். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். குறிப்பிட்ட சங்கங்களின், தனி ஆட்களின் பெயரைப் போட்டு ‘இவர் சாப்பிட்டுவிட்டார்’ என்று எழுத வேண்டாம். ஆதாரம் இருந்தால் ஆணையத்தில் புகார் கொடுங்கள், இங்கே கொட்ட வேண்டாம்.

பாயான்லெப்பாஸ்_டீச்சர்

இத்தனை பேசிவிட்டு அடுத்த பட்ஜெட்டுக்கு மறுபடியும் இதே இழையைத் திறக்கப் போகிறோமா? எழுத்து மூலக் கேள்வியாக ஒன்றைத் தயாரித்து நம் வைபிக்களிடம் கொடுப்போம். கணக்கர் ஐயா வாசகம் எழுதட்டும்.

கணக்கர்_செந்தூல்

இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

மித்ராவைப் பற்றிப் பொறுப்பமைச்சர் கூறுவாரா: (அ) அதில் அங்கீகரிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, இரவலிலும் ஒப்பந்தத்திலும் இருப்பவர்கள் எத்தனை பேர், (ஆ) முடிந்த மூன்று நிதியாண்டுகளில் ஒதுக்கியது, செலவானது, கருவூலத்துக்குத் திரும்பியது எவ்வளவு, (இ) மானியம் பெற்ற அமைப்புகளின் பட்டியலை வெளியிட அரசாங்கம் முன்வருமா, (ஈ) நேரில் சென்று சரிபார்த்த திட்டங்கள் எத்தனை.

சட்டம்_படிக்கும்_தம்பி

(இ) வேண்டாம் ஐயா, இந்த உருவத்தில். ‘முன்வருமா’ என்று கேட்டால் ‘பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ‘அமைப்பு, தொகை, மாநிலம் வாரியாகப் பட்டியல் தருக’ என்று போடுங்கள். பட்டியல் தராவிட்டால் தரவில்லை என்பது ஹன்சார்டில் (அவைப் பதிவேட்டில்) நிற்கும். (ஈ)-யில் ‘மொத்தம் எத்தனை திட்டத்தில் எத்தனை’ என்று சேருங்கள், இல்லாவிட்டால் ஒரு பெரிய எண்ணைச் சொல்லித் தப்பித்துவிடுவார்கள்.

கட்டாயம் எழுத்து மூலக் கேள்வியாகவே போகட்டும். வாய்மொழிக் கேள்வி என்றால் வரிசையில் நம் முறை வருவதற்குள் கேள்வி நேரம் முடிந்துவிடும்.

மஸ்ஜித்_இந்தியா_வியாபாரி

இதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கள் வைபியின் சேவை மையம் கடைக்குப் பக்கத்தில்தான். மலாயில் சுத்தமாகத் தட்டச்சு செய்து கொடுங்கள், நானே கொண்டுபோய்க் கொடுத்து வாங்கியதற்குக் கையெழுத்தும் வாங்கி வருகிறேன்.

பாலர்பள்ளி_அக்கா

பட்டர்வொர்த்துக்கு ஒரு காப்பி எனக்கு. (அ)-வில் ‘ஓர் அதிகாரி சராசரியாக எத்தனை மாதம் இருக்கிறார்’ என்பதையும் சேருங்கள்.

கணக்கர்_செந்தூல்

சேர்த்தாகிவிட்டது. மலாய் வாசகத்தை நாளைக்கு இங்கேயே போடுகிறேன். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருக்கும் ஒன்று போகட்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே கேள்வி போனால் இது யார் கிளப்பியது என்று தேடுவதில் நேரத்தைக் கழிக்க மாட்டார்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதனால் இந்த வார இறுதிக்குள் திருத்தம் சொல்ல வேண்டியவர்கள் சொல்லிவிடுங்கள்.